பாதத்தை நேராக வை

என் மகளின் இடது கால் வலது காலைவிட ஒரு விரற்கடை குட்டை. பார்த்தவுடன் தெரியாது. செருப்புக்குள் ஒரு தடித்த அட்டை வைத்துக்கொண்டு நடக்கிறாள். மாடிப்படி இறங்கும்போது மட்டும் தெரியும். போன வருடம் பள்ளிக்கூடம் திறந்தபோது அவளுக்கு இரண்டு காலும் ஒரே அளவில்தான் இருந்தன. அதற்குப் பிறகு வந்த ஐந்து மாதமும் அவளை உற்றுப் பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. அதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம்கூட வைத்திருந்தேன்.

நான் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். பன்னிரண்டாம் வகுப்புக்கு எடுக்கிறேன். அந்தப் பள்ளியின் மலை சைக்கிள் அணிக்குப் பயிற்சியாளரும் நான்தான். யாரும் என் தலையில் கட்டியதல்ல, நானே கேட்டு வாங்கிக்கொண்டது. அது போதாதென்று நாற்பத்தாறு வயதில் மூத்தோர் பிரிவுப் போட்டியில் நானும் ஓட்டுகிறேன் என்று பெயர் கொடுத்திருந்தேன். என் மனைவிக்கு அந்த வருடம்தான் விழிஞ்ஞத்தில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு அலுவலகத்தில் ஷிப்ட் வேலை கிடைத்தது. "நீங்க வீட்டையும் பிள்ளையையும் பாத்துக்கிடுவீங்களா?" என்று கேட்டாள். "இதென்ன பெரிய காரியம்" என்றேன். எனக்கு எப்போதும் வாய் நீளம்.

காலையில் மாவு கரைத்து தோசை சுடுவேன். ஒரு பக்கம் கல்லில் தோசை, மறுபக்கம் மகளுடைய டிபன் டப்பா. எட்டரைக்குப் பள்ளி. நான்கு மணிக்கு மைதானத்தில் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி. வீட்டுக்கு வந்து சமையல், விடைத்தாள், சைக்கிள் செயினுக்கு எண்ணெய். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு ஓடினேன் என்று சொன்னால் அது எனக்குச் சலிப்பாக இருந்ததாக நினைப்பீர்கள். இல்லை, எனக்கு அது பெருமையாக இருந்தது. ஸ்டாஃப் ரூமில் யாராவது "சார் எங்ஙனெயா இதெல்லாம்?" என்று, எப்படிச் சமாளிக்கிறேன் என வியந்தால் அன்று முழுவதும் எனக்குப் பசிக்காது.

சனி, ஞாயிறு காலைகளில் அணியைக் கூட்டிக்கொண்டு வித்துராவுக்கு அப்பால் போவோம். பொன்முடி போகும் சாலையை விட்டு விலகி, ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு மண் பாதை உண்டு. மழையில் வேர்கள் எல்லாம் வழுக்கும். நான் ஏற்றத்தின் உச்சியில் நிற்பேன். ஓட்டி வருகிறவர்கள் என்னைக் கடக்கும்போது ஒரு கையை எடுத்து விரல் காட்ட வேண்டும். ஒரு விரல் என்றால் சுலபமாக இருக்கிறது. ஐந்து என்றால் இனி முடியாது. மூச்சு வாங்கும்போது பேச முடியாதல்லவா, அதற்கு இந்த ஏற்பாடு. காட்டியதை நோட்டில் குறித்துக்கொள்வேன். ஒன்று, இரண்டு காட்டுகிறவர்களுக்கு மறுவாரம் இன்னும் இரண்டு சுற்று கூடும்.

என் மகள் எட்டாம் வகுப்பு. அணியில் அவள்தான் சின்னவள். முதல் வாரமே நான்கு விரல் காட்டினாள். அவளுக்கு முன்னால் போன பெண்கள் எல்லாரும் இரண்டுதான் காட்டியிருந்தார்கள். வாத்தியார் மகள் என்று நான் சலுகை காட்டுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று, எல்லாருக்கும் கேட்கும்படி, "கோச்சோட பொண்ணுக்கே நாலா? அப்ப மத்தவங்க என்ன செய்ய?" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அதன் பிறகு அவள் இரண்டுக்கு மேல் காட்டவே இல்லை. நோட்டில் அவள் பெயருக்கு நேரே இரண்டு, இரண்டு, இரண்டு. கணக்கு வாத்தியாருக்கு எண் எழுதியிருந்தால் போதும், அதற்கு மேல் சாட்சி வேண்டாம். நான் அவளுக்குச் சுற்றுகளைக் கூட்டிக்கொண்டே போனேன்.

ஒரு குறை மட்டும் என் கண்ணில் பட்டது. ஆகஸ்ட் வாக்கில் அவளுடைய இடது பாதம் பெடலில் வெளிப்பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தது. ஓட்டும் முறையில் கெட்ட பழக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் என்னைக் கடக்கும்போதெல்லாம் "பாதத்தை நேரா வை, பாதத்தை நேரா வை" என்று கத்தினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக வைப்பாள். பத்தடி போனதும் பாதம் மறுபடி திரும்பிவிடும். சொன்ன பேச்சு கேட்பதில்லை என்று எனக்குக் கோபம் வரும்.

கண்டுபிடித்தது என் மனைவிதான். அவளுக்கு விடுப்பாக வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பயிற்சிக்குக் கிளம்புவதைப் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உடனே கீழே இறங்கி வந்தாள்.

"அவ கால கையால தூக்கி கார்ல வெக்கிறா. எத்தன நாளா இப்படி?"

"ஓட்டின அலுப்பா இருக்கும்" என்றேன்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் மகளிடம் குனிந்தாள். எங்கே வலி என்று கேட்டாள். மகள் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். அன்று பயிற்சிக்குப் போகவில்லை.

எலும்பு டாக்டர் முழங்காலை அதிக நேரம் பார்க்கவில்லை. அவளைப் படுக்கவைத்துக் காலை மடக்கச் சொன்னார். இடது கால் மடங்க மடங்க வெளிப்பக்கமாகவே போயிற்று. படம் எடுத்துக்கொண்டு வந்ததும் எங்களைத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"முட்டுக்கு ஒண்ணும் இல்ல சாரே. கேடு இடுப்பிலயாக்கும். வளர்ற பிராயத்துல சில பிள்ளைங்களுக்கு தொடையெலும்போட தலை, தலையில இருந்து தொப்பி நழுவுற மாதிரி நழுவும். வலி முட்டுலதான் தெரியும். பாதம் வெளிய திரும்பும். நீங்க அத கவனிச்சில்லையா?"

திரும்பிய அந்தப் பாதத்தை ஒரு நாளைக்கு இருபது முறை கவனித்தவன் நான். அந்தக் காலை நேராக வைக்கச் சொல்லி மலையேற விட்டவனும் நான்.

அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்து, மறுநாள் எலும்பில் ஒரு ஸ்க்ரூ வைத்தார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் நழுவல் இவ்வளவு ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னார். திட்டுகிற குரலில் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கால் கொஞ்சம் குட்டையாக நிற்கும், இடுப்பு சீக்கிரம் தேயலாம், மலைப் பாதையில் சைக்கிள் இனி வேண்டாம் என்றார். மகள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அணி தயாராகிவந்த மாவட்டப் போட்டி அந்த வாரக் கடைசியில் நடந்து முடிந்தது. பிள்ளைகள் பதக்கத்தோடு படம் அனுப்பியிருந்தார்கள். நான் திறந்து பார்க்கவில்லை. மூத்தோர் பிரிவுப் போட்டிக்கும் போகவில்லை.

அதற்குப் பிறகு நான் எப்படிச் சாப்பிட்டேன், தூங்கினேன் என்றால், ஒரே ஒரு சமாதானத்தைப் பிடித்துக்கொண்டுதான். அவள் மறைத்துவிட்டாள். வலியை என்னிடம் சொல்லவே இல்லை. சொல்லாதது எனக்கு எப்படித் தெரியும்? பார்க்க வந்த எல்லாரிடமும் இதைச் சொன்னேன். தலைமையாசிரியரிடம் சொன்னேன், பக்கத்து வீட்டில் சொன்னேன், போனில் சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரும், பாவம், நீங்க என்ன செய்வீங்க என்றார்கள். மனைவி மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

டிசம்பரில் ஒரு நாள் மத்தியானம் திருநெல்வேலியிலிருந்து என் மச்சானும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர்களிடமும் சொன்னேன். "ஒரு வார்த்த சொல்லிருந்தா போதும் அத்தான். அழுத்தக்காரி, வாயத் திறக்கலியே." மகள் சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தாள். ஊன்றுகோல் இரண்டும் நாற்காலியில் சாய்ந்திருந்தன. மச்சான் அவள் தலையைத் தடவி, ஒரு பொட்டலம் அல்வாவைக் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். தம்பானூரில் பஸ் ஏற்றிவிட்டு வருவதாக என் மனைவியும் கூடப் போனாள்.

வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவள் தலையைத் தூக்காமல் பேசினாள்.

"அப்பா, இனி அப்படிச் சொல்லாதீங்க."

"எப்படி மோளே?"

"நான் சொல்லலேன்னு. நான் சொன்னேன்."

"எப்போ?"

"மூணு தடவ. வித்துராவுல டீக்கடையில ஒரு தடவ. ஸ்டாஃப் ரூம் வாசல்ல ஒரு தடவ. பின்ன, அம்மை ஷிப்டுக்குப் போன ஒரு நாள், இங்கயே. நீங்க சைக்கிள் வீல கழட்டி வெச்சிருந்தீங்க."

அவள் குரலில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. வீட்டுப் பாடத்தை ஒப்பிப்பது மாதிரி சொன்னாள்.

நான் மேசைக்கு எதிரே உட்கார்ந்து யோசித்தேன். வித்துரா டீக்கடை நினைவிருந்தது. மழை, பழம்பொரி, ஒரு பையனின் கியர் வளைந்திருந்ததை நான் வாசலில் குந்தி நிமிர்த்தியது. ஸ்டாஃப் ரூமும் நினைவிருந்தது. ஓணப் பரீட்சைத் தாள் கட்டு, பாதி வகுப்பு ஒரே கணக்கில் ஒரே தப்பைச் செய்திருந்ததும் நினைவிருந்தது. அந்தச் சக்கரத்தில் எந்தப் பக்கத்துக் கம்பி தளர்ந்திருந்தது என்றுகூட என்னால் சொல்ல முடியும். இந்த மூன்று இடத்திலும் அவள் வந்து நின்றது மட்டும் நினைவில் இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை.

"நான் என்ன சொன்னேன்?"

"ரெண்டு தடவ 'ம்'னீங்க. மூணாவது தடவ, 'சரி, நாளைக்குப் பாக்கலாம்'னீங்க."

மகள் என்னிடம் என்ன சொன்னாள் என்பதையும் அவளிடமே கேட்க வேண்டியிருந்தது. கேட்டேன்.

"கால் நோவுது அப்பா, அவ்வளவுதான் சொன்னேன்" என்றாள்.