மதில் மேல் கொச்சிக்காய்

பக்கத்து வீட்டு முஸ்லிம் பெரியவர், நாங்கள் நாநா என்று கூப்பிடுபவர், மாத்தளை டவுனில் மிளகு வியாபாரம் செய்பவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில் ஒன்று உண்டு. நோன்பு மாதம் வந்தால் அதற்கு மேலால் ஒரு கஞ்சிச் சட்டி வரும். உத்தியோகத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நான் இடமாற்றம் கேட்காமல் இங்கேயே தங்கிவிட்டதற்கு அந்தக் கஞ்சியும் ஒரு காரணம்.

போன நோன்புக்குச் சற்று முன்னால் என் மிளகாய்ச் செடி காய்த்தது. நான் வைத்த செடிகளில் உயிர் தப்பியது அது ஒன்றுதான். பெருமை தாங்காமல் ஒரு பிடி பறித்து நீட்டினேன். நாநா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மதில்ல வைங்க சேர். கொச்சிக்காய கைக்குக் கை குடுத்தா சண்ட வரும்."

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் நான் படித்தவன். அவர் கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையில் வைத்தேன். வைத்த கையோடு, "கொச்சிக்காய் இல்லை நாநா, மிளகாய்" என்றேன்.

அத்தோடு நின்றிருக்கலாம். கடல் கடந்து வந்த காய்க்கு நம் ஆட்கள் ஏற்கெனவே தெரிந்த மிளகின் பெயரை ஒட்டவைத்த கதையைச் சொன்னேன். கொச்சித் துறைமுகத்தால் வந்ததால்தான் கொச்சிக்காய் ஆனதாம் என்றேன். யாழ்ப்பாணத்தில் கொச்சி என்றால் நெருப்பாய் எரியும் அந்தச் சின்னக் காய் மட்டும்தான் என்றேன். கடைசியில், "உங்கட சொல் சரியான தமிழ் இல்லை" என்றும் சொல்லிவைத்தேன்.

"மிளகு விக்கிறவன் நான்," என்றார் நாநா. "அது கொடி, இது செடி. ஒண்டுட பேர மத்ததுக்கு வெச்ச ஆக்கள் நீங்க. எனக்குத் தமிழ் படிப்பிக்கிறீங்க."

காய்களை மதிலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நோன்பு தொடங்கியது. கஞ்சி வரவில்லை. தினமும் பின்னேரம் நான் மதிலைப் பார்ப்பதைக் கண்ட மனைவி, "மிளகாயைக் கரைச்சுக் குடியுங்கோ" என்றாள்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் மறுபடியும் ஒரு பிடி பறித்தேன். மதில் மேல் வைத்துவிட்டு, "நாநா, கொச்சிக்காய் வைச்சிருக்கு" என்று குரல் கொடுத்தேன்.

பொழுதுபடும் நேரம் எட்டிப் பார்த்தால் காய்களைக் காணவில்லை. அந்த இடத்தில் கஞ்சிச் சட்டியும் சிறு கோப்பையில் தொட்டுக்கொள்ளச் சம்பலும் இருந்தன. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது.

"சம்பல் ஒங்கட யாழ்ப்பாணத்துக் கொச்சியில இடிச்சது, சேர். சரியான தமிழா எண்டு பாத்துச் சொல்லுங்க."

கண்ணீர் வழிய வழிய, கஞ்சியோடு முழுவதையும் சாப்பிட்டு முடித்தேன்.