ஆய்வாளரின் சொந்தச் சேகரிப்பு

தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு "பக்கத்து நாட்டோடு நமக்குள்ள உறவை ஆராய்கிறேன்" என்று சொன்னால், கேட்பவர் முதலில் கர்நாடகத்தைத்தான் நினைப்பார். என் அண்ணனும் அப்படித்தான் நினைத்தார். நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த வாரம், வயலிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டே, "அப்ப மேட்டூர் எப்ப தெறப்பாங்கன்னு உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருமா?" என்று கேட்டார். இது இலங்கையைப் பற்றியது என்று விளக்கினேன். "அங்கேருந்து நமக்குத் தண்ணி வராதே" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். முப்பது வருட உழைப்புக்கு எங்கள் வீட்டில் கிடைத்த மதிப்புரை அது ஒன்றுதான்.

வெளியே நிலைமை இவ்வளவு மோசமில்லை. இரு நாட்டு உறவு என்பது ஒரு பேராசிரியைக்கு அமையக்கூடிய மிக நல்ல துறை. அது ஒருநாளும் சரியாகாது. ஆகவே கருத்தரங்குகள் நிற்கா. மீனவர்களைப் பிடித்துக்கொண்டு போகும் ஒவ்வொரு முறையும் தொலைக்காட்சியிலிருந்து கூப்பிடுவார்கள். அதிராம்பட்டினம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத நிருபர், "முப்பது செகண்டுல தீர்வ சொல்லிடுங்க மேடம்" என்பார். சொல்லிவிடுவேன். இரு தரப்பும் பேச வேண்டும் என்பதுதான் தீர்வு. இதைச் சொல்ல எதற்கு ஒரு முனைவர் பட்டம் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த நாட்டுக்கு நான் போனது ஒரே ஒரு தடவை. கொழும்பில் ஒரு ஹோட்டலுக்குள் மூன்று நாள் இருந்தேன். ஜன்னல் வழியாகக் கடல் தெரிந்தது. நாகூரில் தெரிகிற அதே கடல்தான்.

என் ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து ஏழை ஜனங்களை அந்தத் தீவின் தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்துப் போனார்கள். அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த பிறகு, இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து, இவ்வளவு பேர் உனக்கு, இவ்வளவு பேர் எனக்கு என்று ஆட்களைப் பிரித்துக்கொண்டார்கள். நம் பங்குக்கு வந்தவர்கள் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கினார்கள். அரசாங்கம் அவர்களுக்கு வைத்த பெயர் தாயகம் திரும்பியோர். பார்த்தே இராத ஊருக்கு ஒருவர் எப்படித் திரும்ப முடியும் என்று முதல் அத்தியாயத்தில் நாற்பது பக்கம் எழுதினேன். அந்த நாற்பது பக்கத்துக்கு நல்ல பெயர் கிடைத்தது.

அப்படி வந்தவர்களில் சில குடும்பங்களை ஒரத்தநாட்டுப் பக்கம், 'புது ஆறு' என்று ஊரில் சொல்லும் கல்லணைக் கால்வாய்க் கரையில் குடிவைத்திருந்தார்கள். ஒரே வரிசையில் பதினோரு வீடுகள். நான் டேப் ரெக்கார்டரும் கையுமாக அந்த வீடுகளில் ஏறி இறங்கிய காலத்தில், முதன்முதலாக எனக்குப் பாய் விரித்தவர் ஒரு அம்மாள். கணவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். மலையில் பிறந்த காலுக்குச் சேறு பழகவே ரொம்ப நாளாயிற்று என்றார். பேச்சின் நடுவே தகரப் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து மடித்த அட்டை ஒன்றை எடுத்தார். கப்பலை விட்டு இறங்கியதும் மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை. முன்பக்கத்தில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் நிற்கும் போட்டோ. பெயர்கள், வயது, விட்டுவந்த தோட்டம், வந்துசேர்ந்த நாள். இப்படி ஓர் ஆவணத்துக்காக அலைந்தவள், இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணெடுக்காமல் பார்த்தேன். அதைப் பார்த்து அந்த அம்மாள் நான் அவர்களுக்காக வருந்துகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"ரெண்டே நாள்ல கொண்டாந்து குடுத்துடறேம்மா" என்றேன்.

"பத்திரமுங்க டீச்சர். எங்ககிட்ட இருக்கற காயிதம் இது ஒண்ணுதான்" என்றார்.

நான் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அதற்குத் தக்க காரணங்கள் இருந்தன, எல்லாம் ஆராய்ச்சி சம்பந்தப்பட்டவை. முதலில் வழிகாட்டிக்குக் காட்ட வேண்டியிருந்தது. பிறகு வாய்மொழித் தேர்வு வந்தது. பிறகு வேலை, கல்யாணம், இடமாற்றம். ஒரு கட்டத்துக்கு மேல் போய் நிற்கவே வெட்கமாகிவிட்டது. வெட்கம் பழகியதும் மறந்தே போயிற்று. அடிக்குறிப்பில் மட்டும் மறக்காமல் எழுதியிருந்தேன்: மூலம், ஆய்வாளரின் சொந்தச் சேகரிப்பு.

ஆய்வேடு புத்தகமானபோது அந்தப் போட்டோதான் அட்டைப்படம். 'தாயகம் திரும்பிய ஒரு குடும்பம்' என்று உள்ளே குறிப்புப் போட்டோம். பெயரைப் போட்டால் அவர்களுடைய அந்தரங்கத்துக்கு இடைஞ்சல் என்று பதிப்பாளரிடம் நானே பெருந்தன்மையாகச் சொன்னேன். ஓய்வு பெற்ற பிறகு, அந்த அட்டை உட்பட என் காகிதங்கள் முழுவதையும் சென்னையில் ஒரு தனியார் ஆவணக் காப்பகம் கேட்டு வாங்கிக்கொண்டது. விழா எடுத்தார்கள், சால்வை போட்டார்கள். 'இவை யாவும் எனக்கே உரியவை' என்று அச்சடித்த தாளை நீட்டினார்கள். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். ஓர் அலமாரியின் மேல் என் பெயர் பொறித்த பலகையை மாட்டிக் கைதட்டினார்கள்.

போன வருடம் குறுவை அறுப்பு முடிந்த சமயத்தில் ஒரு பெண் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஐம்பதைத் தாண்டிய வயது, கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. "டீச்சர் வீடுங்களா?" என்றார். அந்த அம்மாளின் மகள். போட்டோவில் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தை. அம்மா இறந்து எட்டு வருடமாகிறதாம். உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார்.

ஆற்றங்கரை வீடுகள் நீர்நிலைப் புறம்போக்கில் இருக்கும் ஆக்கிரமிப்பு, பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும், ஆட்சேபம் இருந்தால் அசல் ஆதாரத்தோடு வர வேண்டும் என்று எழுதியிருந்தது. அதில் ஐந்து நாள் ஏற்கனவே போயிருந்தது.

"மத்த வீட்டுக்காரங்கள்லாம் அட்டையக் காட்டிட்டாங்க டீச்சர். அட்டைக்குப் பின்னால மனை நம்பர் எழுதி அப்ப இருந்த தாசில்தாரு கையெழுத்துப் போட்டுருக்காராம். ஆபீஸ்ல இருந்த பழைய ரிஜிஸ்டரக் கரையான் தின்னுடுச்சுங்கறாங்க. எங்க அட்டை உங்ககிட்ட இருக்கு."

உங்களிடம் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. "டீச்சர் கொண்டாந்துருவாங்க, டீச்சர் கொண்டாந்துருவாங்கன்னு அம்மா சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்துச்சு" என்றார். குரலில் கோபமும் இல்லை, மரியாதையும் இல்லை. வரவேண்டிய பஸ் வரவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார். மேடையில் ஒரு மணி நேரம் குறிப்பில்லாமல் பேசுகிற என்னால், "இருக்கு, பத்திரமா இருக்கு" என்று ஒரு பொய்யைத்தான் சொல்ல முடிந்தது.

எழுந்து போய் என்னிடமிருந்த பிரதிகளைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் முன்பக்கம்தான் இருந்தது. பின்பக்கத்தை நான் பிரதி எடுக்கவில்லை; உண்மையைச் சொன்னால், சரியாகப் பார்த்ததுகூட இல்லை. கப்பலும் முகாமும் ஒப்பந்தமும் முன்பக்கத்தில் இருந்தன. இரு நாட்டு உறவு முன்பக்கத்தோடு முடிந்துவிட்டது. பின்பக்கத்தில் இருந்தது வெறும் வீடு.

நான் திரும்பி வந்தபோது அவர் வீட்டுப் புத்தக அலமாரி முன்னால் நின்று என் புத்தகத்தைக் கையில் எடுத்திருந்தார்.

"எங்க அப்பா" என்றார். பிறகு, "இது எத்தனை பேருகிட்ட இருக்கும் டீச்சர்?"

"ஐந்நூறு புத்தகம் போட்டாங்க."

"எங்ககிட்ட அப்பா போட்டோ ஒண்ணுகூட இல்லைங்க."

அந்த நிமிடத்தில் நான் அடைந்த அவமானத்துக்கு எந்தக் கருத்தரங்கிலும் பயிற்சி தரவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பைக்குள் வைத்துக்கொண்டார்.

காப்பகத்துக்குப் போன் செய்தேன். அதிகாரி மிக இனிமையானவர். "உங்க கலெக்‌ஷன் ரொம்ப பத்திரமா இருக்கு மேடம். குளிர்சாதன அறையில வச்சிருக்கோம்" என்றார். பின்பக்கம்? "அத ஸ்கேன் பண்ணலைங்க. நீங்க குடுத்த பட்டியல்ல முன்பக்கம்னு மட்டும்தான் இருந்துச்சு." அசலைத் திருப்பித் தர முடியுமா? "கொடையாக் குடுத்தத திருப்பித் தர விதியில்லைங்க மேடம். அது உங்களது இல்லன்னு நீங்களே பிரமாணப் பத்திரம் எழுதிக் குடுத்தா தரலாம். ஆனா அப்படி எழுதினா, மத்ததெல்லாம் உங்களதுதானான்னு கமிட்டி கேக்கும். யோசிச்சுக்குங்க."

யோசித்தேன். மறைப்பானேன், முழுதாக ஒரு நாள் யோசித்தேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்பது நாள் மிச்சமிருந்தபோது, நான் என் பெயர்ப் பலகையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு வழி தோன்றியது. கலெக்டருக்கு ஆறு பக்கக் கடிதம் எழுதினேன். ஒப்பந்தத்தின் ஷரத்துகள், குடியமர்த்தலின் வரலாறு, அறிஞர் என்ற முறையில் என் வேண்டுகோள். படித்துப் பார்த்தேன். அருமையாக இருந்தது, ஒரு மனை நம்பர் மட்டும் அதில் இல்லை. கிழித்துப் போட்டுவிட்டு நோட்டரியைப் பார்க்கக் கிளம்பினேன்.

கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் அந்த நோட்டரி வக்கீல் என் பழைய மாணவர். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தவர் பேனாவை நிறுத்தினார்.

"இத எப்படி மேடம் போடறது? திருட்டுன்னா, கவனக்குறைவுன்னா?"

"ஆரம்பத்துல கவனக்குறைவு. அப்புறம் திருட்டு."

"ஐயோ, அப்படியெல்லாம் வேணாம். 'திருப்பித் தர இயலாமல் போயிற்று'ன்னு போட்டுருவோம். எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

"'இயலாமல்'ங்கறத அடிங்க. 'தரவில்லை'ன்னு போடுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், பதினைந்து வருடங்களாக என் மேல் வைத்திருந்த ஏதோ ஒன்று குறைந்தது தெரிந்தது. முத்திரை குத்தி, கையெழுத்து வாங்கி, ஃபீஸ் வேண்டாம் என்றார்.

சென்னையில் கையுறை போட்ட ஒருவர் அட்டையைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். திருப்பிப் பார்த்தேன். நீல மை மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. மனை எண், நீளம், அகலம், நான்கு எல்லைகள், வடக்கே புது ஆறு, தாசில்தாரின் கையெழுத்து, வட்ட முத்திரை. நான் சொந்தமென்று எழுதிக்கொடுத்த பொருளை முதன்முறையாக முழுதாகப் படித்தேன். கிளம்பும்போது அலமாரியைக் கடந்துதான் வந்தேன். என் பெயர்ப் பலகையைக் கழற்றியிருந்தார்கள். கமிட்டி கூடி முடிவெடுக்கும் வரை தற்காலிகமாக என்றார் அதிகாரி, அதே இனிமையோடு. கமிட்டி இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது.

ஊர் வந்து இறங்கியதும் நேராக ஆற்றங்கரைக்குப் போய் அட்டையை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க நல்ல வாக்கியங்கள் சிலவற்றை ரயிலிலேயே தயார் செய்திருந்தேன். அவர் அட்டையை வாங்கி, போட்டோவைப் பார்த்து, பின்பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படிக்க ஆரம்பித்தார். என் வாக்கியங்களுக்கு அங்கே இடமிருக்கவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு தாலுகா ஆபீஸ் என்று மட்டும் சொன்னார்.

அங்கே வேலை இரண்டே நிமிடத்தில் முடிந்தது. தாசில்தார் முன்பக்கத்தைப் பார்க்கக்கூட இல்லை. பின்பக்கத்து எண்ணையும் தம்மிடமிருந்த வரைபடத்தையும் ஒப்பிட்டுவிட்டு, பட்டியலில் அந்த வீட்டின் வரியைச் சிவப்பு மையால் அடித்தார். பிறகு தலையை நிமிர்த்தி, "இவ்வளவு வருஷமா இது எங்கேம்மா இருந்துச்சு?" என்று கேட்டார்.

நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பெண், "ஆராய்ச்சியில இருந்துச்சுங்க" என்றார். ஆஸ்பத்திரியில் இருந்தது என்று கேட்டவர் மாதிரி தாசில்தார் அனுதாபத்தோடு தலையாட்டினார்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். வீடு நிலைத்துவிட்டது. எனக்கு அழுகை வரும் போலிருந்தது. அதை அவர் முன்னால் செய்ய எனக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டேன். அவர் அட்டையை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். பழக்கதோஷம், என் கை தானாக நீண்டது.

"பின்பக்கத்த ஒரு தடவ பாத்துக்கறேன். ரெண்டு நிமிஷம், குடுத்துடறேன்."

அவர் உறையை மடங்காமல் பையின் அடியில் நிறுத்தி வைத்து, அதன் மேல் துண்டைப் போட்டு ஜிப்பை இழுத்தார். பிறகு பையின் வெளிப்பக்க அறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் கையில் வைத்தார்.

"கேப்பீங்கன்னு தெரியும் டீச்சர். வரும்போதே உங்களுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துட்டேன். ரெண்டு பக்கமும் இருக்கு."

வாங்கிக்கொண்டேன். டீக்கான காசையும் அவரே கொடுத்துவிட்டார்.