கல்யாணக் குதிரை போருக்குப் போன கதை: திருத்தணிக்கு ஒரு நாள்

திருத்தணி மலையில் எப்போது கூட்டம் குறையும் என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள் மன்னிக்கவும். இந்த முறை நான் மலையே ஏறவில்லை. என் கல்லூரித் தோழி வித்யா ஒரு சரித்திரப் படத்தில் உடைப் பிரிவில் இருக்கிறாள். "ராஜாவுக்கு உடுப்பு, படைக்குக் கவசம், குதிரைக்குப் பயிற்சி, எல்லாம் திருத்தணி பக்கத்துல ஒரே இடத்துல நடக்குது. வந்து பாரு" என்று மார்கழியில் கூப்பிட்டாள். போனேன். திரும்பி வந்து சில வாரமாகிறது. நான் பார்த்தது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

சென்ட்ரலிலிருந்து காலை புறநகர் ரயிலில் போனேன். அரக்கோணத்தில் பாதி வண்டி இறங்கிவிடும், அதன் பிறகு கால் நீட்டிக்கொள்ளலாம். திருத்தணியில் ஆட்டோக்காரரிடம் "சினிமா வேலை நடக்கிற இடம்" என்றேன். "ஆங், தெரியும்மா, குந்து" என்று அழைத்துப் போய் அம்மையார்குப்பத்தில் ஒரு தறி வீட்டு வாசலில் இறக்கினார். குதிரை எங்கே என்றேன். "சினிமாக்குத் துணி இங்கதான் நெய்றாங்க. குதிரைக்கு நான் இன்னா பண்றது?" என்று என்னையே கோபித்துக்கொண்டார்.

தறி வீட்டு அம்மா சேணத்துக்கு மேல் விரிக்கும் சிவப்புத் துணியின் மிச்சத்தைக் காட்டினார். கரை அவ்வளவு நேர்த்தி. வந்த ஆட்டோவிலேயே திரும்பி, பயிற்சி நடக்கும் பழைய அரிசி ஆலைக்குப் போய்ச் சேர்ந்தேன். போக வர ஐந்நூறு ரூபாய். அங்கே போனால் அதே சிவப்புத் துணியை வித்யாவின் ஆட்கள் டீ டிகாக்‌ஷனில் முக்கி, செங்கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். "புதுசா இருந்தா போர்க்களம்னு யார் நம்புவா?" என்றாள் வித்யா. நியாயம்தான். ஆனால் அந்த அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது.

ஆலைக்குள் எதுவும் பார்த்தபடி இல்லை. இரும்புக் கவசம் என்று தம் கட்டித் தூக்கினேன். அது மெத்தைக்குள் வைக்கிற ஃபோம். பின்னால் போய் விழாத குறை. சரி, வாளும் அப்படித்தான் என்று ஒற்றைக் கையால் எடுத்தால் அசல் இரும்பு, மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. கிரீடம் வைத்த ஒருவருக்குப் பயபக்தியாக வணக்கம் சொன்னேன். அவர் லாரி டிரைவராம், அளவு பார்க்க வைத்திருந்தார்களாம்.

நெல் காயவைக்கும் களத்தில் குதிரைகள் நின்றன. அதில் மல்லி என்ற வெள்ளைக் குதிரையிடம் போனதும் என் குழப்பம் முற்றியது. மல்லி இந்தப் பக்கத்துக் கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளையைச் சுமக்கிறவள். மேளம் கேட்டால் முன்னங்காலைத் தூக்கித் தூக்கி ஆடுவாள். அதைப் பார்க்கத்தான் அவளைக் கூப்பிடுகிறார்கள். அவளை வளர்க்கும் குமாரோ, ராஜாவின் குதிரையாக அவளைத் தேர்வு செய்ய வேண்டும் என்று தவமிருக்கிறார். படத்தில் போர் முரசு அடித்ததும் நேராகப் பாய வேண்டும். அங்கே ஆடினால் ராஜாவின் கதி என்ன? அன்று மதியம்தான் தேர்வு.

"எப்படிங்க ஆட்டத்தை மறக்க வைக்கிறீங்க?" என்றேன்.

"காலைல மோளம் தட்டுவேங்க. காலைத் தூக்காம நின்னா ஒரு துண்டு வெல்லம், அப்புறம் ஏறி ஓட்டம். ஒரு மாசமா பண்ணிகினு வரேன். ஒரு நாள் நிக்குது, ஒரு நாள் ஆடுது. இன்னா மாயம்னே புரியல."

மாயம் களத்துக்குப் பின்னால் புல் அறுத்துக்கொண்டிருந்தது. குமாரின் மனைவி லலிதா. மல்லிக்குக் கல்யாண வீடுகளில் வாடகை பேசி முடிப்பது அவர்தான். நான் வெளியூர்க்காரி என்பதாலோ என்னவோ, கேட்காமலே சொல்லிவிட்டார். கணவரை அவர் 'பாவா' என்றுதான் சொல்கிறார். "சாயங்காலம் பாவா டீ குடிக்கப் போவாரு. அப்போ நான் தகரத்தைத் தட்டுவேன். ஆடுனா வெல்லம் குடுப்பேன். படம் ரெண்டு மாசத்துல முடிஞ்சிடும்மா. அப்புறம் ஆடத் தெரியாத குதிரைய யாரு கூப்புடுவா? தை பொறந்தா மூணு கல்யாணத்துக்கு ஒத்துகினு இருக்கேன்."

எனக்குத் தலை சுற்றியது. காலையில் நின்றால் வெல்லம், மாலையில் ஆடினால் வெல்லம். அந்தக் குதிரைதான் என்ன செய்யும்? குமாரிடம் சொல்லலாமா? சொன்னால் குடும்பத்தில் சண்டை. சொல்லாவிட்டால் அந்த மனிதரின் ஆசை மண்ணாகிவிடும். எதையும் முடிவு செய்யாமல், வித்யா கொடுத்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மதியம் உதவி இயக்குநர் வந்தார். தேய்த்த சிவப்புத் துணி மல்லி முதுகில் ஏறியது. குமார் கவசத்தோடு ஏறி உட்கார்ந்தார். முரசு அடித்தது. மல்லி முன்னங்காலைத் தூக்கினாள். குமாரின் முகம் செத்துவிட்டது. தூக்கிய கால் தூக்கியபடி, மல்லி தலையைத் திருப்பிக் களத்தின் ஓரத்தில் நின்ற லலிதாவைப் பார்த்தாள். லலிதா கணவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த வெல்லத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, குதிரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுவிட்டார். மல்லி காலை இறக்கினாள். அடுத்த அடிக்குப் பாய்ந்தாள் பாருங்கள், களத்தின் கோடி வரை ஒரே பாய்ச்சல்!

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், பாதியில் நிறுத்திவிட்டேன். லலிதா திரும்பவே இல்லை.

சாயங்காலம் அவர்களோடு நடந்தே ஊருக்குள் வந்தேன். அன்று கிருத்திகை. மலையடிவாரத்தில் பம்பை முழங்க ஒரு காவடிக் கூட்டம் எதிரே வந்தது. மல்லி ஓரமாக நின்றாள். காது மட்டும் அசைந்தது. கால் தூக்கவில்லை. காலை முதல் குமார் வேண்டிக்கொண்டிருந்தது அதுதானே? அவருக்குத்தான் திடீரென்று பயம் வந்துவிட்டது. "ஏய் மல்லி, ஒரு அடி போடும்மா. ஒண்ணே ஒண்ணு" என்று கெஞ்சினார். தானே காலைத் தூக்கி ஆடிக் காட்டினார். மல்லி அவரை வேடிக்கை பார்த்தாள். லலிதா முந்தானை முடிச்சை அவிழ்த்து வெல்லத்தை மல்லி வாயில் வைத்தார். "வுடு பாவா. அதுவும் எத்தினி பேரு பேச்சத்தான் கேக்கும்?"

போக நினைப்பவர்களுக்கு: கிருத்திகையன்று ஆட்டோ கிடைப்பது கஷ்டம், அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். ஆலைக்குள் தெரிந்தவர் இல்லாமல் விட மாட்டார்கள். எங்கே போக வேண்டும் என்று ஆட்டோவில் ஏறும் முன்பே இரண்டு தரம் சொல்லுங்கள். வாளைத் தொடாதீர்கள்.

ராஜாவின் குதிரை மல்லிதான் என்று உறுதியாகிவிட்டதாம். தைக் கல்யாணங்கள் என்ன ஆயின என்று லலிதாவுக்கே போன் செய்து கேட்டேன். மல்லி இப்போது ஆடுவதில்லை என்று மூன்று வீட்டுக்கும் உண்மையைச் சொல்லிவிட்டாராம். இரண்டு வீடு வேறு குதிரை பார்த்துக்கொண்டது. மூன்றாவது வீட்டுக்கு மல்லி போனாளாம்.

"ஆடினாளா?" என்றேன்.

"இல்லம்மா. கல் மாதிரி நின்னுகினு இருந்தா. பொண்ணு வூட்டுக்காரங்க மொகம் சுளிக்க ஆரம்பிச்சாங்க. பாவாதான் கயித்த என் கையில குடுத்துட்டு முன்னால போயி ஆடுனாரு, ஊர்வலம் முடியுற வரைக்கும்."