விரதம் இருந்த செடி

எங்கள் வீட்டில் ஒரு தைப்பூசத்துக்குச் செடியும் விரதம் இருந்தது. இருக்க வைத்தவள் நான். அப்போது எனக்கு எட்டு வயது. ஜெலுத்தோங்கில் ஒன்பதாவது மாடி ஃபிளாட்டில் இருந்தோம்.

செடியை மலையிலிருந்து கொண்டுவந்தவர் மாமா. அதன் இலை நுனிகளில் மூடி போட்ட குட்டிக் குடுவைகள் தொங்கும். மலாயில் அதற்குக் குரங்குப் பானை என்று பேராம். காலையில் காரிடோரில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தால் அடியில் கொஞ்சம் தண்ணீர், தண்ணீரில் கொஞ்சம் வானம். அந்த வானத்தில் எறும்புகள் மிதக்கும். பள்ளி வேன் ஹாரன் அடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நிற்பேன்.

"மலை மண்ணுல சத்து கிடையாதுலா. அதான் பூச்சியப் பிடிச்சுச் சாப்பிடுது," என்றார் மாமா. பூச்சிதான் இலையைத் தின்னும் என்று பள்ளியில் படித்திருந்தேன். இலை பூச்சியைத் தின்பது கனவில் நடப்பது போல இருந்தது.

அந்த ஆண்டு அப்பா அலகுக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டார். நாற்பத்தெட்டு நாள் வீடு முழுக்கச் சைவம். மீன் சட்டியைப் பழைய பேப்பரில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அத்தை சொன்னார்: "வீட்டுல யாரு கவிச்சி தொட்டாலும் அலகு குத்துன இடத்துல அப்பாவுக்கு ரத்தம் வந்துரும், தெரியும்ல?"

நாங்கள் எல்லாரும் பருப்பும் ரசமுமாக இருக்க, காரிடோரில் ஒருத்தி மட்டும் மூன்று வேளையும் எறும்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் மருந்துப் பையிலிருந்து பஞ்சு எடுத்து ஏழு குடுவைகளின் வாயையும் அடைத்தேன். பட்டினி போட மனம் வரவில்லை. ஆளுக்கொரு கரண்டி பருப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் அடைத்தேன்.

பத்து நாளில் குடுவைகள் கறுக்கத் தொடங்கின. அம்மாதான் கண்டுபிடித்தார். அப்போதெல்லாம் அவர் காரிடோரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். உடம்பு பாதியாக மெலிந்து, தலையில் துணி கட்டியிருப்பார். விரதம் என்றால் அப்படித்தான் ஆகும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

"யாரு பாப்பா இப்படிப் பண்ணது? செத்துப் போயிரும்மா."

"அது கவிச்சி சாப்பிட்டா அப்பாவுக்கு ரத்தம் வரும்," என்று அழுதேன்.

அம்மா சிரிக்கவில்லை. பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தார்.

அன்று சாயங்காலம் அப்பா வழக்கம்போலப் பாசார் கடையிலிருந்து பிளாஸ்க்கில் மருந்து கொண்டுவந்தார். தினமும் அதைக் கொடுத்த கையோடு மறுபடி தலைக்குக் குளிப்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அன்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணாங்க. உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

அப்பா மூடியில் ஊற்றி, ஊதி ஆற்றி, கடைசிச் சொட்டுவரை தம் கையாலேயே புகட்டினார். பெரியவர்களும் மருந்துக்கு அடம்பிடிப்பார்கள் என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறி இறங்கிய அப்பாவின் முதுகில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. பக்கத்தில் போய் ஒவ்வொரு கொக்கியாகப் பார்த்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் இரண்டு குடுவைகளை மறுபடியும் அடைத்து வைத்திருந்தேன். அப்பாவைக் காப்பாற்றியது நான்தான் என்று பெருமை தாங்கவில்லை.

அம்மா அதற்குப் பிறகு பதினோரு தைப்பூசம் பார்த்தார்.

போன மாதம் பாசாரில் ஒரு சீனர் கடையைத் தாண்டும்போது அந்த மருந்தின் வாசனை வந்தது. நின்று, பானையில் என்ன என்று கேட்டேன். விரால் மீன் சூப்பாம். ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு உடம்பு தேறக் கொடுப்பார்களாம்.

விரதம் முழுக்க அப்பா தம் கையால் வாங்கி வந்தது மீன். அத்தை சொன்னதை அவரும் நம்பினார், அதனால்தானே அத்தனை குளியல். ரத்தம் வந்தால் வரட்டும் என்றுதான் கொக்கிகளை மாட்டிக்கொண்டிருக்கிறார். அந்த முதுகை அங்குலம் அங்குலமாகச் சோதித்த நான், காவடி யாருக்காக என்று ஒருவரையும் கேட்கவில்லை.