முட்டை லாரியில் போன விசாரணை

கண்ணுக்குத் தெரியாத பொருளை, டயரைக் காலால் உதைத்துப் பார்த்தே வாங்கிப் பழகியவர்களிடம் விற்பதுதான் என் பிழைப்பு. பொருளின் பெயர் கிளவுட். ஒரு கம்பெனி தன் கணக்குகளைச் சொந்தக் கம்ப்யூட்டரில் வைக்காமல், வெளியூரில் இருக்கும் எங்கள் பெரிய கம்ப்யூட்டர்களில் வாடகைக்கு வைப்பது. இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகோதர சகோதரிகளே, நம் பாடு நமக்குத்தான் தெரியும்.

போன வருடம் மேலதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார். நாமக்கல்லில் ஒரு லாரி ஃபைனான்ஸ் கம்பெனியின் ஆர்டரைப் பிடிக்காவிட்டால் சேலம் அலுவலகத்தை மூடிவிடுவார்கள், நான் புனேவுக்கு மூட்டை கட்ட வேண்டும். என் மனைவிக்குச் சேலம் அம்மாபேட்டையில் டீச்சர் வேலை கிடைத்து இரண்டே மாதம் ஆகியிருந்தது.

ஸ்டெப்னி

அந்தக் கம்பெனி முதலாளி நல்லமுத்து, லாரி ஓட்டி முன்னுக்கு வந்தவர். என் நாற்பது ஸ்லைடையும் கொட்டாவி விடாமல் பார்த்தார். "மிஷின் படுத்துக்கிட்டா?" என்றார். சென்னையிலேயே பக்கத்துக் கட்டடத்தில் எல்லாவற்றுக்கும் இன்னொரு நகல் தயாராக இருக்கும் என்று பெருமையாகச் சொன்னேன்.

"ஏனுங்க தம்பி, வெள்ளம் வந்தா வண்டியோட சேர்ந்து ஸ்டெப்னி டயரும் முழுகிப் போகுமுங்களே?"

போகும் வழி

ஹைதராபாத்தில் ஒரு நகலைச் சேர்த்துக்கொண்டு மறுவாரம் போனேன். இந்த முறை கம்ப்யூட்டர் பிரிவைப் பார்க்கும் கோமதி மேடம். எங்கள் ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் படித்தவர் தமிழ்நாட்டிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். எங்கள் மேலதிகாரியே படித்ததில்லை. சேருவதற்கு இருபது பக்கம் இருக்கிறது, நாளைக்கு உங்களை வேண்டாம் என்றால் எங்கள் கணக்குகள் எத்தனை நாளில், எந்த வடிவத்தில் திரும்பி வரும், அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார். அப்படி ஒரு பக்கமே இல்லை. என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"கோவிச்சுக்காதீங்க சார், நாங்க லாரிக்குக் கடன் குடுக்கறப்பவே வண்டியைத் திருப்பி எடுக்கற காகிதத்துலயும் கையெழுத்து வாங்கிருவமுங்க."

அக்கம்பக்கம்

அந்தப் பக்கத்தையும் எழுதிக் கொடுத்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, "குப்பண்ணன் ஒரு எட்டுப் பார்த்துட்டு வரட்டுமுங்க" என்றார் முதலாளி. குப்பண்ணன் அங்கே விசாரணை ஆள். யாருக்குக் கடன் கொடுப்பதாக இருந்தாலும் அந்த ஆளின் வீட்டுக்கே போய், எதிர் டீக்கடையில் விசாரித்து ஃபாரம் நிரப்பிக் கொண்டுவர வேண்டும். இப்போது எங்களுக்கும் அதே ஃபாரம்! தலைமை அலுவலகத்தில் கெஞ்சிப் பார்த்தேன். தணிக்கை அறிக்கை வேண்டுமானால் தருவோம், ஆளை உள்ளே விட மாட்டோம் என்றார்கள். அதற்குள் குப்பண்ணன் தங்கள் கடனில் ஓடும் ஒரு முட்டை லாரியில் ஏறிச் சென்னைக்குப் போய்விட்டார். மனைவியிடம் சொன்னேன். அவள் செல்போனில் புனேவில் பள்ளிக்கூடங்களைத் தேட ஆரம்பித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாம் நாள் முதலாளி முன்னால் குப்பண்ணன் ஃபாரத்தைப் படித்தார். "சொந்தக் கட்டடம்தானுங்க. போன புயலப்போ தெருவே இருட்டாக் கெடந்தும் அங்க ஒரு லைட்டும் அணையலைன்னு டீக்கடைக்காரர் சொன்னாருங்க." உள்ளே போய்ப் பார்த்தீர்களா என்று முதலாளி கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மூணு தடவை கேட்டும் வாட்ச்மேன் விடலீங்க, ஒரு ட்ரே முட்டைய நீட்டுனேன், அதையும் தொடலீங்க, நம்ம கணக்கு அங்கதானுங்க இருக்கோணும்."

நான் இன்னும் சேலத்திலேயே இருப்பதற்குக் காரணம் என் நாற்பது ஸ்லைடு அல்ல, ஒரு ட்ரே முட்டைக்கு மயங்காத அந்த வாட்ச்மேன்தான் என்பதை மேலதிகாரியிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.