ஈரலை மட்டும் பார்த்தவர்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த அவருக்கு அங்கே 'மறுபடி' என்று பட்டப்பெயர். ஓர் அளவு சந்தேகமாக வந்தால் நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அதே ரத்தத்தை மறுபடி இயந்திரத்தில் ஓட்டுவார். இருபது ஆண்டுகளில் தவறான முடிவுத் தாள் ஒன்றுகூட அவர் கையைத் தாண்டிப் போனதில்லை. பெருமைதான், ஓர் எல்லைவரை.

நான்கு வயது மகளுக்கு ஐந்து நாளாகியும் காய்ச்சல் விடவில்லை. வாந்தி, சிறுநீர் மஞ்சள். அவரே ரத்தம் எடுத்து ஈரல் பரிசோதனை மட்டும் செய்தார். அளவுகள் எகிறியிருந்தன. மூன்று முறை ஓட்டியும் அதேதான். தெருமுனை டாக்டருக்குப் போனில் எண்களைப் படித்தார்.

"நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று அவரும் காமாலைக்கு மருந்து சொல்லிவிட்டார்.

மனைவிக்கு மனசு ஒப்பவில்லை.

"காமாலைன்னா கண்ணு மஞ்சளாத்தானே இருக்கும்? இவளுக்குச் செக்கச்செவேல்னு கெடக்கு. உதடு வேற வெடிச்சிருக்கு."

"காய்ச்சல் சூடு. நீ எந்தக் காலேஜ்ல டாக்டருக்குப் படிச்ச?"

"நான் பிள்ளையப் பாக்கறேன். நீங்க தாளப் பாக்கறீங்க."

"தாள் பொய் சொல்லாதும்மா."

சொல்லவில்லைதான். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது.

பன்னிரண்டாம் நாள் பிள்ளையின் விரல் நுனிகளில் தோல் உரியத் தொடங்கியது. மனைவி அவரைக் கேட்காமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அவர் தாளோடு பின்னால் போனார்.

"இது ஈரல்ல ஆரம்பிச்சது இல்லைங்க" என்றார் குழந்தை மருத்துவர். "ரத்தக் குழாய்கள்ல அழற்சி. அதுதான் ஈரலையும் தொட்டிருக்கு. பத்து நாளுக்குள்ள வந்திருந்தா..."

பேச்சை நிறுத்திவிட்டு இதய ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினார். மருந்து ஏற்றினார்கள், காய்ச்சல் இறங்கியது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று மட்டும் புடைத்தது புடைத்தபடியே நின்றுவிட்டது. ஓட்டம், குதியாட்டம் எதுவும் இப்போதைக்குக் கூடாது என்றார்கள்.

பிள்ளை வீடு திரும்பிய மூன்றாம் வாரம் அவர் புதுத் தாளோடு வீட்டுக்கு வந்தார். "ஈரல் முழுசா சரியாயிடுச்சு."

"சந்தோஷம். ஈரலை வச்சே ஓடி விளையாடட்டும்" என்றாள் மனைவி.

அடுத்த வாரம் இதய மருத்துவரின் அறை. படிவத்தை நிரப்பிய நர்ஸ் கேட்டாள்: "அப்பா என்ன வேலை பாக்கறார்?"

கதவோரம் நின்றிருந்த அவர் வாயைத் திறந்தார். அதற்குள் மனைவி சொல்லிவிட்டாள்: "ஏதோ கம்பெனியிலங்க."

மகள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தத் தாளை அவர் திருத்தச் சொல்லவில்லை.