கண்ணாடியில் நீராடிய சினிமா அம்மன்

ஐந்து கரத்து அண்ணலே, அடியேன் சொல்லப்போகும் இந்தக் கதையில் ஆறாவது கரமாகப் பொய் எதுவும் முளைத்துவிடாதபடி காத்தருள்க.

ஆடிப்பூரமும் வெள்ளிக்கிழமையும் கைகோத்து வந்த நன்னாள் அது. எங்கள் தங்கவயலில் எடுக்கப்பட்ட திரைப்படங்களைப் பற்றிய கண்காட்சிக்கு அன்றே கடைசி நாள். பழைய கிளப் கூடத்தில் படச்சுருள் பெட்டிகளும் கேமராக்களும் புகைப்படங்களும் வைத்திருந்தார்கள். தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் மலையாய்க் குவிந்து, நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் சயனைடு மேடு ஒரு படத்தில் பாலைவனமாகவும், மற்றொன்றில் எமலோகமாகவும் விளங்கியிருந்தது. இரண்டாவதே பொருத்தம் என்று எனக்குப் பட்டது.

கூடத்தின் கோடியில் எட்டுக் கைகளுடன் ஓர் அம்மன் சிலை. மாவும் வர்ணமும் கொண்டு படத்துக்காகச் செய்தது. முதுகுப்புறம் வெறும் பொந்து. கதையில் வில்லன் திருட்டுத் தங்கத்தை அதற்குள் ஒளித்துக் கடத்துவானாம். சுரங்க வாசலில் காவலர் சோதனைக்குச் சட்டையை உதறிக் காட்டாமல் தங்கத்தோடு வெளியேறியவள் அவள் ஒருத்தியே!

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைன் பெண்கள் முதல் நாளிலிருந்தே அவள் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். பிறகு பீடத்தில் குங்குமம் வந்தது. எலுமிச்சை மாலை வந்தது. பொறுப்பாளராகப் பெங்களூரிலிருந்து வந்திருந்த இளம்பெண், கூட்டம் சேருகிறதே என்ற மகிழ்ச்சியில் கண்டும் காணாமல் இருந்துவிட்டாள். கடைசி நாளில் அவர்கள் பால்குடங்களோடு வந்து நின்றபோதுதான் அவளுக்கு விபரீதம் புரிந்தது.

"பேடா, பேடா!" என்று கன்னடத்தில் தடுத்தாள். "ஊத்தாதீங்கம்மா! இது சாமி இல்ல, ஷூட்டிங் பொம்மை!"

"இன்னாம்மா பேசற? இத்தினி நாளா கும்புட்டுக்கினு கீறோம், அப்பெல்லாம் வாயத் தொறக்காம இப்ப வந்து பொம்மைன்றியே?" என்றாள் முன்னால் நின்ற பருத்த பெண்மணி. "அம்மா இன்னிக்கு ஊருக்குக் கெளம்பறா. பூரத்தன்னிக்குக் குளிக்கவெக்காம அனுப்பறதா?"

பொறுப்பாளர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்து ஓடி வந்தாள். "சார், நீங்க சொல்லுங்க சார். தண்ணி பட்டா கரைஞ்சிடும். சாயங்காலம் ஓனர் வேன் வருது. மூக்கு ஒண்ணு போனாலும் என் வேலை போச்சு!"

பருத்த பெண்மணியும் என் பக்கம் திரும்பினாள். "அய்யா கோயில்ல பதிகம் பாடறவரு. அவரே சொல்லட்டும். குளிக்கவெக்காம அனுப்பலாமா?"

"கூடவே கூடாது" என்றேன்.

பொறுப்பாளரின் முகம் வெளிறியது. அந்தக் கணத்தைச் சற்றே நீளவிட்டேன். முதுமையில் இத்தகைய இன்பங்கள் குறைவு. பிறகு, சுதையாலும் வண்ணத்தாலும் ஆன திருமேனிகளுக்குக் கோயில்களில் நேரே நீராட்டுவதில்லை என்றும், எதிரே கண்ணாடி வைத்து அதில் விழும் பிம்பத்துக்கே அபிஷேகம் செய்வார்கள் என்றும் எடுத்துரைத்தேன். இது என் கற்பனையன்று; முறையாக உள்ள வழக்கம்.

"கண்ணாடிக்கு எங்க போறது?"

கூடத்தில் இருந்தது ஒரே கண்ணாடி. சுற்றிலும் பல்பு பதித்த ஒப்பனை அறைக் கண்ணாடி. என் பார்வை போன திசையைப் பொறுப்பாளர் பார்த்துவிட்டாள்.

"சார், அதுவும் காட்சிப் பொருள் சார்!"

"கரையுமா?"

"கரையாது..."

"அப்புறம் இன்னா?" என்றாள் பருத்த பெண்மணி.

மின்கம்பியைப் பிடுங்கி, பல்புகளைக் கழற்றி, அதை அம்மனுக்கு எதிரே நிறுத்தினோம். ஒருத்தி முகம் சுளித்தாள். "எந்தெந்தக் கதாநாயகி இதுல பவுடர் பூசிக்கினாளோ!"

"அதுக்குத்தான் மொதல்ல மஞ்சத்தண்ணி" என்றேன்.

மஞ்சள் நீர் ஊற்றித் துடைத்தபின் பால்குடங்கள் உயர்ந்தன. அடியேன் தொண்டையைச் செருமிப் பதிகம் தொடங்கினேன். உடனே பருத்த பெண்மணி கையை உயர்த்தினாள். "நிறுத்துங்க அய்யா! கண்ணாடியில ஆறு கைதான் தெரியுது. ரெண்டு கை குளிக்காம நிக்குது!"

கண்ணாடியைப் பின்னால் நகர்த்தினோம். எட்டுக் கையும் வந்தன. பால் வழிந்தது. பொறுப்பாளர் கீழே பாத்திரம் ஏந்தி அமர்ந்திருந்தாள். அன்று அக்கூடத்தில் அவளைப் போல் உருகி வேண்டியவர் வேறு எவரும் இலர். அம்மன்மேல் ஒரு துளியும் தெறிக்கக் கூடாது என்பதே அவள் வேண்டுதல்.

மாலையில் வேன் வந்தது. உரிமையாளரின் ஆள் மூக்கைத் தடவினான், கைகளை எண்ணினான், பொந்துக்குள்ளும் எட்டிப் பார்த்தான். "எல்லாம் சரியாருக்கு மேடம். வந்ததவிடப் பளிச்சுனு இருக்காங்க" என்றான். பெண்கள் குலவையிட்டு வழியனுப்பினார்கள்.

வேன் திரும்பி மறைந்ததும் பொறுப்பாளர் படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பருத்த பெண்மணி ஒரு டம்ளர் அபிஷேகப் பாலை அவள் கையில் திணித்தாள். "குடி கண்ணு. உன் வேலைய அவ பாத்துக்கினா."

ஒரு மிடறு விழுங்கியவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சார்... பவுடர் வாசனை வருது."

"அலங்காரப் பிரியை அம்மா அவள்" என்றேன்.

இதைப் படிக்கும் எல்லோரும், நம்பிக் கும்பிட்டோரும் நம்பாமல் சிரித்தோரும், அந்த எட்டுக் கையாள் அருளால் மூக்கும் முழியும் குறையாமல், செய்யும் தொழில் நிலைத்து, நீடு வாழ்க.